தண்ணி கிளம்பிருச்சுன்னு சொன்னாக

போன வருஷம் ஆயுதபூஜை லீவுல, உத்தமபாளையத்துக்கு மேக்கால மலையடிவாரத்துல இருக்கிற ஒரு கண்மாய்க் கரையில நடந்தது இது. எங்களுக்குத் தேனி பஜார்ல பாத்திரக்கடை. கடைக்காரங்க வீட்டுல டூர்ங்கிற பேச்சே கிடையாது. கல்யாண சீசன்ல கடையை விட்டு நகர முடியாது, சீசன் இல்லாதப்ப வர்ற ஒண்ணு ரெண்டு ஆளையும் விட மனசு வராது. கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷத்துல நாங்க குடும்பமா வெளியில தங்குனது ரெண்டே தடவை. ரெண்டும் அடுத்தவங்க வீட்டு விசேஷம்.

அப்படிக் கடையே கதின்னு கிடந்த என் வீட்டுக்காரரு ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, "பூஜை முடிஞ்சதும் ரெண்டு நாள் கடைக்கு லீவு. கூடாரம் ஒண்ணு வாங்கிட்டேன், கண்மாய்க் கரையில போயித் தங்குறோம்"னாரு. காய்ச்சலான்னு நெத்தியைத் தொட்டே பார்த்துட்டேன். பெரியவளுக்குப் பதிமூணு வயசு, சின்னவளுக்கு ஏழு. ரெண்டும் தட்டுல கையை வச்சபடியே கத்துன கத்துல பக்கத்து வீட்டுல கதவைத் திறந்துட்டாங்க.

என் வீட்டுக்காரரோட பள்ளிக்கூட சிநேகிதருக்குக் கண்மாயை ஒட்டித் தென்னந்தோப்பு இருக்கு. அங்கன தங்கிக்கச் சொல்லிட்டாரு. கடையோட குட்டியானை வண்டியில கூடாரம், மூணு சைக்கிள், பாய், போர்வை எல்லாம் ஏத்தினோம். நான் சும்மா இருப்பேனா? பாத்திரக்கடைக்காரி ஆச்சே. இட்லிச் சட்டி, குக்கர், ரெண்டு அண்டா, கரண்டி ஒரு டஜன்னு ஏத்தி வச்சேன். "சீர் கொண்டு போறியா, காத்து வாங்கப் போறியா?"ன்னு அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு.

போயி இறங்குனதும் அப்படியே நின்னு சுத்திப் பார்த்தேன். இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் திராட்சைப் பந்தல், நடுவுல கண்மாய். தண்ணி பாதிக்கும் கீழதான் இருந்துச்சு. ஆனாலும் நாரையும் கொக்குமா நிறைஞ்சு கிடந்துச்சு. கூடாரம் போடுறதுக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. நாலு பேரும் நாலு விதமாச் சொன்னோம். கடைசியில பெரியவதான் போன்ல படத்தைப் பார்த்து நிமிர்த்தி நிறுத்துனா. உள்ளே படுத்து உருண்டு சிரிச்சோம் பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு எங்க வீட்டுல கேட்டே பல வருஷம் ஆச்சு.

மறுநாள் விடிஞ்சும் விடியாம பக்கத்துல இருக்கிற கரடு மேல ஏறினோம். கரடுன்னா சின்னக் குன்றுதான். ஆனா பதினஞ்சு வருஷமா கல்லாப்பெட்டிகிட்ட உட்கார்ந்த காலுக்கு அது இமயமலை. மூச்சு வாங்க உச்சிக்குப் போயித் திரும்பிப் பார்த்தா, அடேயப்பா! பள்ளத்தாக்கே காலடியில விரிஞ்சு கிடக்கு. வயலு, தோப்பு, ஊரு, கோயில் கோபுரம், தூரத்துல சுத்துற கரண்டுக் காத்தாடி. இத்தனை அழகுக்குள்ளதான் இத்தனை வருஷமா ஷட்டரைத் தூக்கி ஷட்டரை இறக்கிக்கிட்டு இருந்திருக்கோம்னு நினைச்சப்ப எனக்குக் கொஞ்சம் கோபமாக்கூட வந்துச்சு.

இறங்கி வந்து, அரிசி களையத் தோப்பு மோட்டார் தொட்டிக்குப் போனேன். அங்கன பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருத்தவுக கை கால் கழுவிக்கிட்டு இருந்தாக. அம்பது வயசு இருக்கும், தலையில துண்டு கட்டியிருந்தாக. என் அண்டாவைப் பார்த்ததும், "இம்புட்டு ஏனத்தையும் கண்மாய்க்கா தூக்கிட்டு வந்தீக?"ன்னு சிரிச்சாக. கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருந்துட்டு, கிளம்பும்போது சொன்னாக.

"ஏத்தா, அணையில தண்ணி திறந்து விட்டுட்டாக. ராத்திரியே கிளம்பிருச்சு. மத்தியானத்துக்குள்ள இங்கன வந்துரும். பிள்ளைகளைக் கால்வாய்க்குள்ள மட்டும் விட்டுறாதீக."

நான் "சரிக்கா"ன்னேன். சொன்னேனே ஒழிய, அந்த வார்த்தையை மனசுக்குள்ள வாங்கல. அதுக்குக் காரணம் எங்க பஜார். கடையில போனை எடுக்கிற வேலை என்னோடது. சீர்வரிசைக்குப் பணம் கட்டுனவங்க "அண்டா வந்துருச்சா?"ன்னு கேட்பாங்க. "வண்டி கிளம்பிருச்சும்மா, மத்தியானத்துக்குள்ள வந்துரும்"னு வாய் கூசாமச் சொல்வேன். நாங்க கிளம்பிருச்சுன்னு சொன்னா, அங்கன இன்னும் ஏத்தவே இல்லன்னு அர்த்தம். மத்தியானம்னா மூணு நாள். எனக்குச் சரக்குப் போடுறவங்களும் அப்படித்தான் சொல்வாங்க. வருஷக்கணக்கா அதைக் கேட்டும் சொல்லியும் பழகுன காதுக்கு, அந்த அக்கா சொன்னதும் இன்னொரு லோடு கதையாத்தான் விழுந்துச்சு. தண்ணியாவது இன்னைக்கு வர்றதாவதுன்னு நினைச்சுக்கிட்டேன். என் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

சாப்பிட்டு முடிச்சதும் சைக்கிள். கல்யாணத்துக்கு அப்புறம் நான் சைக்கிளைத் தொட்டதே இல்லை. பெரியவ பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓடி வர, ரெண்டு தடவை சாஞ்சு, மூணாவது தடவை நிமிர்ந்துட்டேன். கண்மாய்க் கரை மேல காத்து முகத்துல அடிக்க ஓட்டுனப்ப, வாய்விட்டுக் கூவிட்டேன். கரையில மேஞ்ச ஆடெல்லாம் என்னையே பார்த்துச்சு.

அப்பத்தான் பெரியவ அந்தக் கால்வாயைக் கண்டுபிடிச்சா. கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற கால்வாய். வருஷத்துல முக்காவாசி நாள் காஞ்சு கிடக்கும். ரெண்டு பக்கமும் கல் பாவி, ஆள் உயரத்துக்கு மேல சரிவு. தரை வழவழன்னு சிமெண்டு. முள்ளு இல்லை, வண்டி இல்லை, நாய் இல்லை. சைக்கிளுக்குன்னே போட்ட ரோடு கணக்கா இருந்துச்சு. கண்மாய்கிட்ட இருக்கிற சின்னக் குழாய்ப் பாலத்தைத் தாண்டிட்டா, படி வழியா உள்ள இறங்கிரலாம். "அம்மா, இதுக்குள்ள மலைப்பக்கம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுறேம்மா"ன்னு கெஞ்சினா. அக்கா சொன்னது ஞாபகத்துக்கு வந்துச்சு. வரலன்னு பொய் சொல்ல மாட்டேன். அது எங்க இன்னைக்கு வரப்போகுதுன்னு, "போயிட்டுச் சீக்கிரம் வா"ன்னு நானே அனுப்பி வச்சேன்.

ஒரு அரை மணி நேரம் போயிருக்கும். கால்வாய் கண்மாயில சேர்ற இடத்துல ஆளுங்க கூட ஆரம்பிச்சாக. தாம்பாளத்துல பூ, தேங்காய், சூடம், மஞ்சத்தண்ணி. புதுச் சேலை கட்டிக்கிட்டுக்கூட வந்திருந்தாக. என்ன விசேஷம்னு ஒருத்தர்கிட்ட கேட்டேன். "தண்ணியைக் கும்பிட்டு இறக்கணும்ல. மேலப் பாலத்தைத் தாண்டிருச்சாம், இப்பத்தான் போன் வந்துச்சு"ன்னு முகமெல்லாம் சிரிப்பாச் சொன்னாரு.

"என் மக உள்ள இருக்கா"ன்னு கத்துனேன். சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கால்வாய்க் கரையோட மிதிச்சேன். நூறு அடி போறதுக்குள்ள கருவேல முள்ளுல போயி விழுந்தேன். எந்திரிச்சு ஓடுறேன், செருப்பு ஒரு பக்கம் கிடக்கு, துப்பட்டா ஒரு பக்கம் கிடக்கு. பின்னாடி ஒரு வண்டிச் சத்தம். காலையில பார்த்த அதே அக்கா, டி.வி.எஸ். பிப்டியில. "ஏறுத்தா!"ன்னாக. வேற ஒரு கேள்வி கேக்கல.

வளைவு திரும்புனதும் பார்த்தேன். தண்ணியோட தலை வந்துக்கிட்டு இருக்கு. செம்மண் நிறத்துல நுரை கட்டி, தேங்காய் மட்டை, பாட்டிலு, முள்ளுச் செத்தை எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு வருது. ரெண்டு கரையிலயும் பத்துப் பதினஞ்சு ஆம்பளையாளுக, நீளக் கம்பால செத்தையை விலக்கி விட்டுக்கிட்டே தண்ணி கூட ஓடி வர்றாக. அவுகளுக்குக் கீழ, தண்ணிக்கு முன்னாடி, என் மக. முடிஞ்ச மட்டும் மிதிக்கிறா. கரையில எல்லாரும் "சைக்கிளை விட்டுட்டு ஏறு, ஏறு"ன்னு கத்துறாக. அவ காதுல எதுவும் விழல.

நான் கடவுளேன்னு கூப்பிட்டேனா என்னன்னு தெரியல. அக்கா மட்டும் பதறல. "கொஞ்சம் முன்னால படி இருக்கு. அதை விட்டா குழாய்ப் பாலம். குழாய்க்குள்ள செத்தை அடைச்சுக் கிடக்கும், அங்கன போயிரக் கூடாது"ன்னு சொல்லிக்கிட்டே வண்டியை முடுக்குனாக. படிகிட்ட வண்டியை அப்படியே கீழ போட்டுட்டு, மடமடன்னு இறங்கிக் கடைசிப் படியில நின்னாக. மேலேயிருந்து ஒருத்தர் தாவி வந்து அவுக இடது கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அதுக்குள்ள தண்ணி என் மகளை எட்டிருச்சு. சக்கரம் வழுக்கிச் சைக்கிளோட விழுந்தா. முதல்ல முழங்கால், எந்திரிக்கிறதுக்குள்ள இடுப்பு. தண்ணி அவளைத் தள்ளிக்கிட்டே வருது. "அம்மா"ன்னு அவ கூப்பிட்டது இன்னைக்கும் என் காதுல இருக்கு.

படிகிட்ட வந்ததும் அக்கா எட்டி, முதல்ல சட்டையைப் பிடிச்சாக. அது நழுவிருச்சு. அடுத்த பிடி, ஜடை. விடல. இன்னும் ரெண்டு பேரு இறங்கி, எல்லாருமா இழுத்துப் படியில போட்டாக. சைக்கிள் குழாய்ப் பாலத்துக்குள்ள போயி மடார்னு மோதுன சத்தம் கேட்டுச்சு. நான் என் மகளைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டேன். அவளுக்கு முழங்கால்ல தோல் வழண்டு ரத்தம், அவ்வளவுதான். முழுசா இருந்தா.

விஷயம் தெரிஞ்சு, கூடாரத்துல இருந்த என் வீட்டுக்காரர் சின்னவளைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரு. பிள்ளையைத் தடவிப் பார்த்தாரு. பயம் தெளிஞ்ச அடுத்த நிமிஷம் அவருக்கு ஆத்திரம் வந்துருச்சு. "என்னய்யா ஊரு இது? தண்ணி வருதுன்னா ஒரு போர்டு வைக்க மாட்டீங்களா? வெளியூர்லயிருந்து வந்து தங்கியிருக்கோம்னு தெரியும்ல, ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"ன்னு எகிறினாரு. இளவட்டம் ஒருத்தன் மல்லுக்கு வந்தான். இவரு அவனை விட்டுட்டு, சேலையைப் பிழிஞ்சுக்கிட்டு இருந்த அந்த அக்காகிட்டயே திரும்பிட்டாரு. "பக்கத்துத் தோட்டத்துலதான இருக்கீங்க? நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அக்கா பதில் சொல்லல. என்னை ஒரு பார்வை பார்த்தாக. திட்டுற பார்வை இல்லை. பார்த்துட்டுத் திரும்பச் சேலையைப் பிழிஞ்சாக. உண்மையைச் சொல்லிடுறேன், அந்த நேரத்துல வாயை மூடிக்கிட்டு இருந்துரலாம்னுதான் எனக்கும் தோணுச்சு. பிள்ளைதான் வந்துட்டாளே, இனி எதுக்குன்னு மனசு சொல்லுது. அவளோ என் மடியில வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு இருக்கா. அவளை இழுத்துப் போட்ட பொம்பளை என் புருஷன்கிட்ட வசவு வாங்கிக்கிட்டு நிக்கிறாக.

"சொன்னாகங்க"ன்னேன். "காலையிலயே சொன்னாக. கால்வாய்க்குள்ள விடாதீகன்னு சொன்னாக. நான்தான் நம்பல. நான்தான் அனுப்புனேன்."

கம்பு வச்சிருந்த ஆளுக குழாய்ல சிக்குன செத்தையையும் சைக்கிளையும் இழுத்து, தண்ணிக்கு வழி விட்டுக்கிட்டு இருந்தாக. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன். அப்புறம் அந்த அக்காகிட்ட திரும்பி, ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுட்டாரு.

"அட, விடுங்க தம்பி. தண்ணி நமக்காக நிக்குமா? வாங்க, கும்பிடணும்"னு அக்கா என் மகளைக் கையைப் பிடிச்சு எழுப்பிக் கூட்டிட்டுப் போனாக. கண்மாய் வாசல்ல பூத் தாம்பாளத்தை அவ கையிலயே கொடுத்து, "நீதான் தண்ணியைக் கூட்டிட்டு வந்தவ, நீயே முதல்ல போடு"ன்னாக. எல்லாரும் சிரிச்சுட்டாக. என் மக அழுதுக்கிட்டே சிரிச்சு, ரெண்டு கையாலயும் பூவை அள்ளி வீசினா. பொம்பளையாளுக எல்லாம் குலவை போட்டாக. நானும் போட்டேன், கண்ணுல தண்ணி வழிய, தொண்டை கிழியப் போட்டேன். பூவும் நுரையுமாத் தண்ணி கண்மாய்க்குள்ள பாயுது, நாரையெல்லாம் எழும்பி வட்டம் போடுது, சின்னவ "வந்துருச்சு, வந்துருச்சு"ன்னு குதிக்கிறா. பயமும் சந்தோஷமும் ஒரே நேரத்துல உடம்பை அப்படி உலுக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

கிளம்புறதுக்கு முன்னாடி அந்த அக்காவைத் தேடிப் போயி, பெரிய அண்டாவை அவுக வீட்டுல வச்சுட்டு வந்தேன். வேண்டாம் வேண்டாம்னு ஒரே மறுப்பு. "ஏன்க்கா, அவரு அப்படிக் கத்துனப்ப நீங்க ஏன் வாயைத் திறக்கல?"ன்னு கேட்டேன்.

"நீ சொல்லுவேன்னுதான் நின்னேன்"னாக. அப்புறம் வெத்தலையை மென்னுக்கிட்டே, "இன்னும் கொஞ்சம் தாமசமாயிருந்தா நானே போட்டு உடைச்சிருப்பேன்த்தா"ன்னு சிரிச்சாக.

என் மக அந்தக் கதையை எல்லார்கிட்டயும் சொல்றா. அவளுக்கு அது தண்ணி துரத்துன கதை. எனக்கோ, என் பிள்ளையைக் காப்பாத்துன கையோட அந்த அக்கா, நானே ஒத்துக்கட்டும்னு வசவையும் வாங்கிக்கிட்டு எனக்காக நின்னாகளே, அந்த ஒரு நிமிஷத்தை நினைக்கும்போதெல்லாம் இன்னைக்கும் வெட்கமும் நன்றியும் சேர்ந்தேதான் வருது.