திறந்து வைத்த குழாய்

இந்த ஊரில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. அயர்லாந்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. இறைச்சி ஆலைக்கு ஷிப்டு போகுமுன் இரண்டு வாளி நிரப்பி, தட்டு போட்டு மூடிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன். பாதி வழியில், சரியாக மூடினேனா என்று வேறு கவலை வரும்.

போன மாதம் ஒரு காலையில் குழாய் வறண்டுவிட்டது. கதவிடுக்கில் ஏதோ காகிதம் செருகியிருந்தார்கள். தண்ணீர் நிறுத்தும் அறிவிப்பு அது; விளம்பரம் என்று நினைத்து நான் படிக்கவில்லை. ஊர்ப் பழக்கத்தில் குழாயை முழுக்கத் திறந்து, அடியில் தொட்டியின் வடிகாலை மறைத்தபடி பாத்திரம் வைத்தேன். கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பக்கத்து எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைன் வீட்டில் அப்படித்தான். முதலில் உஸ்ஸென்று காற்று வரும், பிறகு காலிக் குடத்தில் தண்ணீர் அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு நானோ ஸ்டெல்லா அக்காவோ ஓடுவோம். எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் நாளில் வகுப்புக்குப் போகாமல் போகாமல்தான் எட்டாவதோடு என் படிப்பு நின்றது. இங்கே ஓடிவர ஆள் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வேலைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கீழ்வீட்டு மௌரீன் அம்மாள் நனைந்த திரைச்சீலையோடு படியில் நின்றிருந்தார்.

"தண்ணீரே இல்லாதபோது எதற்குத் திறந்து வைத்தாய்?"

"மூடி வைத்தால், வந்தது எப்படித் தெரியும்?"

அவருக்குப் புரியவில்லை. உள்ளே வந்தவர் மூடியிருந்த வாளிகளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏதாவது ஆபத்து வரப்போகிறதா? செய்தியில் சொன்னார்களா?" இல்லை என்று சொல்லியும் அவர் முகத்தில் பயம் போகவில்லை.

இதைப் போனில் சொன்னதும் அக்கா, "அடப்பாவி, அந்தம்மா வூட்டையே முழுகடிச்சிட்டியா?" என்று சிரித்தாள். சிரிப்பின் நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவள் இதயத்தை ஸ்கேன் எடுக்கக் கோலார் ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். இரண்டு முறை போகவில்லை. இரண்டு முறையும் தண்ணீர் நாள். மூன்றாவதாகக் கொடுத்த செவ்வாய்க்கிழமையும் தண்ணீர் நாள்தான்.

"செவ்வாய்க்கிழமையாவது போ, அக்கா. பக்கத்து வூட்டு ரோஸி கிட்ட சொல்லிட்டுப் போ."

"இன்னாடா பேசற? அவ வூட்டுக்கும் அதே நேரத்துக்குத்தானே வரும்? அவ டிரம்ம பாப்பாளா, என்னுத பாப்பாளா? விட்டா இன்னும் எட்டு நாளு."

"எட்டு நாளு எங்கனா வாங்கி குடிக்கலாம். உயிரை வாங்க முடியுமா?"

"சரிடா சாமி, போறேன். கத்தாத."

நான் இருந்தவரை குடம் தூக்கியது நான். அங்கிருந்து கிளம்பியபோது அந்தக் கனத்தை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தேன் என்று யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில், வேலைக்குக் கிளம்புமுன் கூப்பிட்டேன். அங்கே பகல் பதினோரு மணி. ஆஸ்பத்திரி வரிசையில் இருப்பாள் என்று நினைத்தேன். அவள் எடுத்ததும் பின்னால் உஸ்ஸென்று சத்தம் கேட்டது.

"அக்கா, நீ போகலியா?"

"காத்து வருதுடா, தண்ணி வந்துடும். இதப் புடிச்சிட்டுப் போறேன். போனை வையி."

அவள் போனை அணைக்காமல் எங்கோ வைத்துவிட்டாள். காலிக் குடத்தில் தண்ணீர் அடித்தது. பிறகு டிரம்மில் கொட்டும் சத்தம், அவள் மூச்சு, மறுபடி குடம். ஒவ்வொரு குடத்துக்கும் நடுவில் அவள் நின்று மூச்சு வாங்கும் நேரம் நீண்டது. "அக்கா, போதும்!" என்று கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

என் இரண்டு வாளியும் நிரம்பி, மூடி இருந்தன. போனைக் காதில் வைத்தபடியே கையை நீட்டி என் குழாயை இறுக்கித் திருகினேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.