வாசலில் கிடந்த ஆண் செருப்பு

பதினெட்டு வயது மகளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியூர் போயிருக்கிறீர்கள். அவளைப் பற்றி எதிர்வீட்டிலிருந்து ஒரு போன் வருகிறது. யாரை நம்புவீர்கள்?

பாகூர் பக்கத்துச் சோரியாங்குப்பம் நாகராஜன் எதிர்வீட்டை நம்பினார்.

மூன்று ஏக்கர் கரும்பு, இரண்டு மாடு வைத்திருப்பவர். போன மாதம் மனைவி கஸ்தூரியோடு பத்து நாள் காசிக்குப் போனார். மகன் விமல் கல்லூரி விடுதியில். வீட்டில் மகள் அபிதா மட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நர்சிங் படிக்க இடம் வாங்கியிருந்தாள்.

கிளம்பும்போது கஸ்தூரி மகளைச் சமையற்கட்டுக்குள் இழுத்துச் சொன்னார்: "ஆம்பள செருப்பு ஒரு ஜோடி வாசல்ல போட்டு வையிடி. பாக்குறவனுக்கு வூட்ல ஆளு இருக்குதுன்னு தோணும்."

"செருப்புக்கு சோறும் ஆக்கணுமாம்மா?"

"கிண்டல் பண்ணாத. தெனம் எடம் மாத்தி வையி. அப்பதான் ஆளு போயி வர்ற மாதிரி இருக்கும்."

அப்பா, அண்ணன் செருப்புகள் அவரவர் காலோடு போய்விட்டன. தோழி சரண்யாவின் அப்பா முத்துக்குமரனிடம் பழைய ஜோடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து போட்டாள். பத்து நாளும் மாடு கறந்தாள், சொசைட்டிக்குப் பால் ஊற்றினாள், கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட்டுக் கரும்புக்குத் தண்ணீர் கட்டினாள். ஒரு பாத்தி காயவில்லை.

இதையெல்லாம் எதிர்வீட்டுத் தங்கராசு பார்க்கவில்லை. அவர் செருப்பைப் பார்த்தார். ஏழாம் நாள் காசிக்குப் போன் போட்டார்.

"ஆளை நான் பாக்கலப்பா. ஆனா செருப்பு காலையில தெருவப் பாத்து கெடக்குது, சாயங்காலம் வூட்டப் பாத்து கெடக்குது. நீயே புரிஞ்சிக்க."

போன வருஷம் இதே தம்பதி மூன்று நாள் திருப்பதி போனபோது வீட்டில் இருந்தவன் விமல். வாசலில் ஐந்து பைக், பத்து ஜோடி செருப்பு, தெருவெல்லாம் பாட்டுச் சத்தம். அன்று தங்கராசின் போனுக்கு என்ன வந்தது? "வயசுப் பசங்க, அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தவர் இதே தங்கராசுதான்.

காசிக்குப் போனால் பிடித்தது ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்கள்; நாகராஜன் கத்தரிக்காயை விட்டுவிட்டு வந்தார். சந்தேகத்தை விட மனம் வரவில்லை. பெட்டியைக்கூட இறக்காமல் கேட்டார்: "யாருடி வந்தது?"

"யாரும் வரல. அம்மாதான் செருப்பு போடச் சொன்னாங்க."

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் கஸ்தூரி பயந்துபோனார். "நான் இன்னாத்துக்கு சொல்லப்போறேன்?" என்றார். பெற்ற தாயைப் பொய் சொல்ல வைக்கிற இந்தப் பயத்துக்குக் குடும்பம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு முத்துக்குமரன் வீடு தேடி வந்தார். "நாகராஜா, அது என் செருப்புய்யா. வார் அறுந்து நான் தச்சது, பாரு." அதன் பிறகுதான் கஸ்தூரி அழுதுகொண்டே ஒத்துக்கொண்டார்: "நான்தாங்க சொன்னேன்."

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். நாகராஜன் சொன்னது இது: "நெசம் தெரிஞ்சிட்டா மட்டும் ஊரு வாயி மூடிக்குமா? படிப்பும் வாணாம், ஒண்ணும் வாணாம். நெட்டப்பாக்கத்துல ஒரு பையன் இருக்கான்."

மகள் தப்பு செய்யவில்லை என்று தெரிந்தே தண்டிக்கிறார். இதைவிடக் கேவலமான நீதி எந்த நாட்டில் இருக்கிறது? ஓட்டுப் போட வயது வந்தவளின் சான்றிதழ்களைப் பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார். ஊருக்குப் பயந்தாராம். ஊர் என்பது யார்? ஒரு தங்கராசு. அவரை எதிர்த்து ஒரு வார்த்தை கேட்காத நாம் அத்தனை பேரும்.

கல்லூரியில் சேர வருகிற திங்கட்கிழமை கடைசி நாள். அபிதா இன்னும் அழவில்லை. "எனக்கு சர்டிபிகேட் வேணும்" என்று மட்டும் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் குரல் ஒற்றைக் குரலாக இருக்கும்வரை அவருக்குக் காது கேட்காது. பாகூர் பக்கத்துக்காரர்களே, அவருக்கு உரம் விற்பவர்களே, அவர் கரும்பை வெட்டுபவர்களே, திங்களுக்கு முன் அந்த வீட்டுக்குப் போங்கள். தங்கராசையும் கையோடு இழுத்துக்கொண்டு போங்கள். சான்றிதழ்களை வாங்கி அவள் கையில் கொடுக்காமல் திரும்பாதீர்கள்.