ஊரில் இல்லாத நிலக்காரன்

அஜ்மானிலிருந்து ஷார்ஜாவிலுள்ள மகளின் பள்ளிக்கூடம் வரை காலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகும். பரீட்சை வந்துவிட்டால் கார்தான் அவளுக்கு வகுப்பறை. ஆங்கிலத்தில் படித்துக்கொண்டே வருவாள், நான் புரிந்த மாதிரி தலையாட்டுவேன்.

அன்று அயர்லாந்து பாடம். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய நிலக்காரக் குடும்பங்களைப் பற்றி எனக்காகத் தமிழில் சொன்னாள். நிலம் அயர்லாந்தில், சொந்தக்காரர் லண்டனில். அவர் அந்தப் பக்கமே போவதில்லை. ஏஜென்ட் ஒருவன் எல்லாம் பார்த்துக்கொள்வான். மாடு மேய்த்தால் லாபம் என்று தோன்றினால், தலைமுறையாக உழுதவர்களைக் கிளப்பிவிடுவார்கள்.

"திரும்பி வந்துடக் கூடாதுன்னு ரூஃபையும் பிரிச்சிடுவாங்க டாடி."

"நாசமாப் போறவனுவ" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பின்னால் ஹாரன் அடிப்பவனையே விடமாட்டேன், லண்டன் பிரபுவை விடுவேனா? மனதாரத் திட்டினேன்.

சிக்னலில் நிற்கும்போது ஊரிலிருந்து மச்சினனின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. கார் ஸ்பீக்கரில் ஓடவிட்டேன்.

"அத்தான், ஆளுவ போயாச்சு. கூரை ஓட்டையும் பிரிச்சாச்சு. இல்லேன்னா திரும்ப வந்து ஏறிருவாவ."

நாகர்கோவில் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. அப்பா காலத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்ட குடும்பம், தோப்பு மூலையில் ஓட்டு வீட்டில் இருந்தது. நான் ஊருக்குப் போய் ஐந்து வருடம். தோப்பை வாங்க ஆள் வந்தபோது அந்த வீடுதான் தடையாக நின்றது. "கலாஸ், முடிச்சிரு, கிளப்பி விட்டுரு. எப்படின்னு எங்கிட்ட கேக்காத" என்று போன வாரம் இதே சிக்னலில் நின்று சொன்னவன் நான்தான்.

கூடவே வீடியோவும் வந்திருந்தது. மகள் போனை எடுத்துப் பார்த்தாள். கூரையில்லாத சுவரில் மாதா காலண்டர் தொங்கியது.

"இது ஆன்ட்டி வீடுதானே? அவங்க எங்க டாடி?"

எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி லீவில் அந்த வீட்டில்தான் இவள் நாள் முழுக்கக் கிடந்தாள். பள்ளிக்கூடம் வரும்வரை அந்த வீடியோவையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாள்.

ஓட்டைத் திரும்பப் போடச் சொல்லி மச்சினனிடம் கத்தினேன். இறக்கும்போதே பாதி உடைந்துவிட்டது என்றான். மறுநாள் காலை காரிலிருந்தே, ஸ்பீக்கரில் போடாமல், அந்தத் தோப்பு வீட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். தங்கச்சி வீட்டு வராந்தாவில் இருக்கிறார்களாம். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன், நாக்கு எழவில்லை. அவர்தான் பேசினார்.

"பிள்ள நல்லாப் படிக்காளா?"

"ம்" என்றேன்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா நாங்களே ஓட்ட ஒடையாம எறக்கி அடுக்கி வச்சிருப்போமே."

போனை வைத்தேன்.

"ஆன்ட்டி என்ன சொன்னாங்க?" என்றாள் மகள்.

"உன்ன நல்லாப் படிக்கச் சொன்னாங்க" என்றேன்.

அவள் புத்தகத்தை எடுக்கவில்லை.