டிரில் மாஸ்டரின் நடுக்கம்

போன சனிக்கிழமை கொல்லிமலைக்குப் போய் வந்தேன். இன்னும் எனக்கு மனசு ஒரு நிலைக்கு வரவில்லை.

என் மனைவியின் தம்பி கந்தசாமி அடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டர். வாரக் கடைசியில் புளியஞ்சோலை வழியாக மலையேறி, மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டு ஊர்க்காரர்களுக்குச் சடுகுடு பழக்குகிறான். யாரும் கூப்பிட்டா போனான்? ஆசைதான். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

ஆட்டம் சூடு பிடித்த நேரம். சடுகுடு பாடிக்கொண்டு எதிரணிக்குள் போன சடையன் என்பவனை நாலு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். அமுக்கியவர்கள் எழுந்துவிட்டார்கள். சடையன் எழவில்லை...

மலையில் டாக்டர் ஏது? தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினாலும் துறையூர் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும்.

கந்தசாமி மட்டும் பதறவில்லை. சடையனின் தலை அசையாமல் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல சாமி, கண்ணத் தொற" என்றான், சிரித்த முகத்தோடு. ஓடி வந்த சடையனின் மனைவி நல்லம்மாவைத் தேற்றினான். "நாந்தானுங்க காலப் புடிச்சு இழுத்தேன்" என்று அழுதவனையும் தேற்றினான்.

ஒருவழியாகச் சடையன் கண் திறந்தான். கை காலை அசைத்தான். "கோட்டத் தொட்டுட்டனுங்களா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

கந்தசாமியைக் காணோம்.

பலாமரத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். சட்டைப் பொத்தானைப் போடப் பார்க்கிறான் — ஒன்றும் துளையில் நுழைய மாட்டேன் என்கிறது.

"இனி என்னால ஆவாதுங்க மச்சான். மலையேறும்போதே, இன்னைக்கு யாருக்கு என்ன ஆவுமோன்னு பயமா இருக்குது. அதை அவங்க முன்னால காட்ட முடியுங்களா?"

வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு யோசனை சொல்லுகிறவன் நான். அவன் பொத்தானைப் போட்டுவிடத்தான் எனக்குத் தெரிந்தது.

அவனைத் தேடிக்கொண்டு நல்லம்மா வந்தாள். "ஏனுங்க வாத்தியாரே, அவரு நல்லாத்தான் இருக்காரு. நீங்க ஏதாச்சும் சாப்ட்டீங்களா?"

அவ்வளவுதான். கந்தசாமி உட்கார்ந்து அழுதுவிட்டான். அவள் நகரவில்லை. "அழுவுங்க. எம்பட மனசும் இப்படித்தான் அடிச்சிக்கிச்சு" என்று பக்கத்திலேயே நின்றாள். பிறகு ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டாள்.

"அடிபட்டவங்களை இனி நீங்களும் பாத்துக்கோணும். எல்லாத்தையும் இவரு ஒருத்தரே சொமப்பாருங்களா?"

காலைப் பிடித்து இழுத்தவன்தான் போய்க் களி கொண்டுவந்தான். கந்தசாமி சாப்பிட்டான். நாங்கள் திரும்பியபோது அடிவாரம் வரை நாலு பேர் கூடவே இறங்கி வந்தார்கள்.

விழுந்தவனைச் சுற்றிக் கூட்டமாக நிற்கிறோம், சரி. தூக்கிவிட்டவன் எங்கே போனான் என்று திரும்பிப் பார்க்கிறோமா?

இந்தச் சனிக்கிழமையும் கந்தசாமி மலையேறப் போகிறானாம். நானும் போகிறேன் — ஆட்டத்தைப் பார்க்க அல்ல, அவனைப் பார்த்துக்கொள்ள.