அடிபம்பின் மேல் போட்ட பழி

மார்த்தாள் மனசில் ஒன்று விழுந்துவிட்டால் அப்புறம் சாமியே வந்து சொன்னாலும் எடுபடாது. உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊர்க் களையெடுப்புக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவள் அவள்தான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அவள் வாய்க்குப் பயந்தே பாதி நாள் சீக்கிரம் எழுந்திருக்கிறேன்.

அவள் தங்கை எஸ்தரும் எங்களோடு களையெடுத்தவள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை; கிட்னி கெட்டு, டயாலிசிஸ் செய்து செய்து செத்தாள். தெருவில் இன்னும் சில பெண்களுக்கும் அதே வியாதி. எல்லாம் அடிபம்புத் தண்ணீரால்தான் என்று மார்த்தாள் முடிவுகட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் மகள் ஏஞ்சலுக்குக் கேன் தண்ணீர்தான். ஏஞ்சலும் களைக்கு வருகிறவள். நாங்கள் பம்படியில் குடம் வைத்தால், "சாவ மொண்டுக்கினு போறீங்களேடி" என்று மார்த்தாள் திட்டுவாள்.

கிட்னி வியாதியை ஆராய்ச்சி செய்ய காஞ்சிபுரத்திலிருந்து கல்பனா என்ற பெண் வந்தாள். மார்த்தாள் அவளை நேரே பம்படிக்கு இழுத்துப்போனாள். "இதாம்மா காரணம். எழுதிக்க."

கல்பனா எழுதவில்லை. "இது உங்க சந்தேகம்க்கா. இதைக் கருதுகோள்னு சொல்லுவோம். சரியாவும் இருக்கலாம், தப்பாவும் இருக்கலாம். தப்புன்னா அது எப்படித் தெரியும்னு முதல்ல யோசிக்கணும்."

"செத்தவ செத்துட்டா. இதுல தப்பு இன்னாத்துக்குத் தேடறே?"

"பம்புத் தண்ணிதான் காரணம்னா, அதைக் குடிக்காதவங்களுக்கு வியாதி கம்மியா இருக்கணும் இல்ல? அவங்க ரத்தத்தையும் பார்க்கணும். இல்லன்னா நாம நினைச்சதையே நாம பார்த்துட்டு இருப்போம்."

மார்த்தாள் முகம் தெளிந்தது. "அப்ப எம் பொண்ணப் பாரு. இத்தினி வருஷமா வூட்டுல கேன் தண்ணி தவிர வேற தொட்டதில்ல. அவ நல்லாத்தான் கீறா." தெருவில் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஏஞ்சலின் கையைப் பிடித்து முதலில் நீட்டியவள் மார்த்தாள்தான்.

கல்பனா திரும்பி வந்தபோது நாங்கள் நாலைந்து பேர் மார்த்தாள் வீட்டில் இருந்தோம். "பம்புத் தண்ணியில கெடுதல் ஒண்ணும் தெரியலக்கா. அதைக் குடிச்சவங்க, குடிக்காதவங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "ஏஞ்சலுக்கும் கிட்னி பாதிச்சிருக்கு. ஆரம்பம்தான், காப்பாத்திடலாம்."

மார்த்தாள் சண்டைக்கு எழுந்தாள். ரத்தம் மாறிப்போச்சு என்றாள், மிஷின் தப்பு என்றாள், இன்னும் வாயில் வந்ததெல்லாம் சொன்னாள். எனக்கே எரிச்சல் வந்தது. கல்பனா பொறுமையாக நின்றாள்.

"வீட்டோட இருக்கறவங்களைவிட வயலுக்குப் போற பொண்ணுங்களுக்குத்தான் அதிகமா இருக்கு. வயல்ல நீங்க எப்பக்கா தண்ணி குடிப்பீங்க?"

"வயல்லயா? குடிக்கறதே இல்லம்மா" என்றேன். காலையில் கஞ்சி குடித்துவிட்டு இறங்கினால் வேலை முடிகிறவரை ஒரு சொட்டு குடிக்கமாட்டோம். குடித்தால் ஒதுங்க வேண்டிவரும். மறைப்பே இல்லாத வயல், வரப்பெல்லாம் ஆம்பளைகள். அடக்கிக்கொள்கிறவள்தான் எங்களில் கெட்டிக்காரி. எவளாவது தண்ணீர் என்று வாயெடுத்தால், "வரப்புக்கு வரப்பு ஓடறதுக்கா வந்தே?" என்று அதட்டுகிறவள் மார்த்தாள்.

"வெயில்ல தண்ணி குடிக்காம வேலை செய்றதாலயோன்னு இப்ப நினைக்கிறோம்" என்றாள் கல்பனா. "இதுவும் கருதுகோள்தான். பொய்யாவும் போகலாம். இன்னும் பார்க்கணும்."

மார்த்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பாவி மனுஷி, அப்போதும் அழவில்லை. "பொய்யாப் போனா போவட்டும்மா" என்றாள் கடைசியில். "தண்ணி குடிச்சா யாருக்கு இன்னா நஷ்டம்?"

ஏஞ்சலுக்கு வைத்தியம் தொடங்கி, வயலுக்குப் போகாமல் நிறுத்திவைத்த பிறகு, அடுத்த களைக்கு மார்த்தாள் எங்களைக் கூட்டிப்போனாள். வெயில் ஏறியதும் வேலையை நிறுத்தச் சொன்னாள். வாய்க்கால் ஓரம் கழி நட்டு, தன் புடவை ஒன்றைச் சுற்றிக் கட்டினாள்.

நிலத்துக்காரர் வேதகிரி வரப்பில் வந்து நின்றார். "இன்னா மார்த்தா, வேலைய வுட்டுட்டு கூடாரம் கட்டிக்கினு கீறே?"

"பொம்பளைங்க ஒதுங்கணும் நைனா. நீங்க கொஞ்சம் அந்தாண்ட போங்க."

ஆம்பளையிடம் இப்படி ஒரு பேச்சை அவள் பேசி நான் கேட்டதில்லை. அவர் திரும்பிப் போய்விட்டார்.

எல்லோருக்கும் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்துவந்தவள் என்னிடமும் நீட்டினாள். பழக்கதோஷம், வேணாம்க்கா என்றேன். மார்த்தாள் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"குடிடி. எஸ்தரு வயல்ல எங்கிட்ட கேட்டா. ஒரு வாய் குடிச்சிக்கறேன்க்கான்னு கேட்டா. நான்தான் வாணாம்னேன்."

நான் வாங்கிக் குடித்தேன்.