சின்ன முதலாளி ஸ்கூட்டரில் வந்த மாதம்

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். என் மகன் நடத்தும் பேண்டேஜ் யூனிட் இராஜபாளையத்தில். இடையில் பன்னிரண்டு கிலோமீட்டர். துணியை வெட்டி, சுருட்டி, உறை போட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் சிறிய யூனிட் அது. நான் தொடங்கியது, முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு அவன் எடுத்துக்கொண்டான். வேலைக்கு எட்டுப் பெண்கள். அவர்களுக்கு நான் பெரிய முதலாளி, அவன் சின்ன முதலாளி.

அவன் தினமும் காரில் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவான். ஒரு நாள் முழங்கால் வைத்தியத்துக்காக நானும் அந்தக் காரில் போனேன். எதையாவது எண்ணாமல் வண்டியில் உட்கார என்னால் முடியாது. அன்று எதிரே வந்த கார்களை எண்ணினேன். இருபதில் பதினாறு கார்களில் ஓட்டுகிறவரைத் தவிர யாரும் இல்லை. நான் ஏறாமல் இருந்திருந்தால் எங்கள் காரும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருக்கும். ஒரு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்க இத்தனை இரும்பையும் சேர்த்து இழுக்க வேண்டுமா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. மின்சார ஸ்கூட்டருக்கு மாறச் சொல்லி நானும் மகனை விடவில்லை.

"வெயிலு மண்டையப் பொளக்கும்பா" என்றான்.

"காலையில எட்டு மணிக்கு என்ன வெயிலு? சாயங்காலம் அதுவும் கிடையாது."

"சார்ஜ் தீந்துட்டா?"

"யூனிட்டுல பிளக் பாயின்ட் இல்லையா? போனுக்குப் போடுற மாதிரி போட்டுட்டு வேலையப் பாரு."

பல மாதம் பேசினேன். கடைசியில் என் பேச்சுக்குப் பயந்தோ, உண்மையிலேயே யோசித்தோ, ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினான். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். இரண்டாம் வாரம், "சத்தமே இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்றான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் கோயிலைச் சுற்றி நடக்கிறவர்களில் கார் வைத்திருக்கும் எல்லோரிடமும் இதையே பேசினேன். ஒருவரும் அசையவில்லை. நூல் வியாபாரம் செய்யும் ஒருவர் மட்டும் என் தோளில் கைவைத்து, "உங்க மகனுக்கு வேற வழி இல்ல, ஓட்டுறாரு. எங்களுக்கு இன்னும் அந்த நிலைமை வரலண்ணாச்சி" என்றார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன். அதில் ஒரு சேதி இருந்தது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு கான்சாபுரத்தில் மருமகளின் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினார்கள். ஸ்கூட்டரில் மூன்று பேர் போக முடியாது. காரை எடுத்துப் போனார்கள். நான் மட்டும் வீட்டில் இருந்தேன். சாயங்காலம் யூனிட்டில் மற்ற ஏழு பேரையும் வைத்து வேலை வாங்கும் மேஸ்திரி அம்மா வந்தாள். ஐம்பதை நெருங்குகிறவள், என் காலத்திலிருந்தே இருப்பவள்.

"வைத்தியநாதசாமி கோயிலுக்கு வந்தேன். அப்படியே அய்யாவப் பாத்துட்டுப் போவோம்னு" என்றாள். பேசிக்கொண்டே காலியாகக் கிடந்த கார் ஷெட்டைத்தான் பார்த்தாள்.

"காரு எங்கய்யா?"

"கான்சாபுரம் போயிருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். "கான்சாபுரத்துல யாரு வாங்கினாக?"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வார்த்தைகள் முட்டி மோதின. விற்கவில்லை, விசேஷத்துக்குப் போயிருக்கிறது, ராத்திரி வந்துவிடும், ஸ்கூட்டர் என் யோசனை, புகை கிடையாது, சத்தம் கிடையாது என்று அடுக்கினேன். ஒருவன் இவ்வளவு வேகமாக இவ்வளவு காரணம் சொன்னால் நானே நம்பமாட்டேன். அவளும் நம்பவில்லை.

"அய்யா கோவிச்சுக்கிடக் கூடாது. உங்ககிட்ட வாரதுக்கு முந்தி ஒரு யூனிட்டுல இருந்தேன்லா. அங்கயும் மொதல்ல காருதான் போச்சு. கேட்டதுக்கு, ஒர்க்‌ஷாப்புல நிக்குன்னாக. பொறவு ஒரு நாள் வேலைக்குப் போறோம், கேட்டுல பூட்டு தொங்குது. ரெண்டு மாசம் வேலையில்லாம வீட்டுல கெடந்தேன். இப்ப சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு புது யூனிட்டுல எங்க எட்டுப் பேரையும் ஒண்ணாந்தேதில இருந்து வரச் சொல்லுதாக. சொல்லிட்டுப் போறதுதான மொறை? அதான் வந்தேன்."

எட்டுப் பேரும் போனால் யூனிட் அதோடு சரி. துணியைச் சீராக வெட்டவும் இறுக்கமாகச் சுருட்டவும் புதிய ஆட்களைப் பழக்க மாதங்கள் ஆகும். அதுவரை எந்த ஆஸ்பத்திரி காத்திருக்கும்? கார் விற்ற வீடு என்று ஊர் சொன்னது பொய். ஆனால் அந்தப் பொய்யே யூனிட்டை மூடவைத்து உண்மையாகிவிடும் போலிருந்தது.

ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. மறுநாள் நானே நேரில் போய் விளக்கிவிடலாம் என்று மகனின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். முழங்கால் மடங்காமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு, கையில் குடையோடு, யூனிட் வாசலில் போய் இறங்கினேன். உள்ளே கால் வைப்பதற்குள் காதில் விழுந்தது.

"ஏட்டி, இங்க வாயேன். பெரிய முதலாளியையே பின்னால தொங்கவிட்டுக் கூட்டியாந்திருக்காக!"

"பாவம், அவியளுக்குக்கூட காரு இல்ல பாரு."

நான் வாய் திறந்து என்ன சொல்லியும் பயன் இல்லை. இத்தனை வருடத்தில் இல்லாத பரிவோடு எனக்கு ஒருத்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்றிரவு மகனிடம், "நாளைக்குக் கார எடுத்துட்டுப் போ" என்றேன்.

"நீங்கதான வேண்டாம்னீக?"

"இப்ப நான்தான் வேணுங்கேன்."

"ஒரு நாள் கொண்டுபோனா, மறுநாள் ஏன் வரலன்னு கேப்பாக. பொறவு யூனிட்டு இருக்குற வரைக்கும் காட்டிக்கிட்டே இருக்கணும். நான் வேலைக்குப் போறேனா, காரு காட்டப் போறேனா?"

அவன் என்னைவிடக் கொஞ்சம் ஆழமாக யோசித்திருந்தான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் மிஷினை நிறுத்தச் சொல்லி எட்டுப் பேரையும் கூப்பிட்டான். அன்று நான் டவுன் பஸ்ஸில் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் யூனிட்டில் முதலாளி வேலை சொல்வார், திட்டுவார், தீபாவளிக்கு வேட்டி சேலை கொடுப்பார். தான் செய்வதற்குக் காரணம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அவனுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றான்.

"காரு வீட்டுலதான் இருக்கு. ஸ்கூட்டரு எனக்குப் பிடிச்சிருக்கு, அதுலதான் வருவேன். ஆர்டர் இருக்கு, வேலை இருக்கு" என்றான்.

"அந்த முதலாளியும் இப்படித்தான் சொன்னாரு" என்றாள் மேஸ்திரி அம்மா. குரலில் கோபம் இல்லை.

அவன் அவள் பக்கம் திரும்பினான். "சரிக்கா. நான் ஒண்ணு சொல்லுதேன். இந்த யூனிட்ட மூடணும்னு ஒரு நாள் வந்தா, எங்க அப்பாவுக்குச் சொல்றதுக்கு முந்தி உங்களுக்குச் சொல்லுவேன். நீங்க பூட்டப் பாத்துத் தெரிஞ்சுக்கிட மாட்டிய. அம்புட்டுதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தபோது, இதைத்தான் கேட்கக் காத்திருந்தார்கள் என்று தெரிந்தது. கார் அவர்களுக்கு ஒரு அறிவிப்புப் பலகை. யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லாத இடத்தில், வாசலில் என்ன நிற்கிறது என்பதை வைத்துத்தானே அவர்கள் தங்கள் அடுத்த மாதத்தைத் தெரிந்துகொள்ள முடியும்? நான் பெட்ரோலைப் பற்றிப் பேசினேன், புகையைப் பற்றிப் பேசினேன். ஓட்டுகிறவனிடம் மட்டுமே பேசினேன். அவன் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த எட்டுப் பேரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

இப்போதும் நடைக்கு வருகிறவர்களிடம் காரை விடச் சொல்கிறேன். கூடவே ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஸ்கூட்டர் வாங்கும் முன், நீங்கள் வருவதை யாரெல்லாம் தினமும் பார்க்கிறார்கள் என்று யோசியுங்கள். கடைப்பையன்களா, வேலைக்காரர்களா, பெண் கொடுத்த வீடா, யாராக இருந்தாலும் முதலில் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இதுவரை ஒரே ஒருவர் வாங்கியிருக்கிறார், கோழித்தீவனக் கடைக்காரர். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அவரே ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவைத்துவிட்டார்.

அந்த ஒன்றாம் தேதி ஆறு பேர்தான் வந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை, சத்திரப்பட்டிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பயந்தவர்களுக்குச் சொல் போதாது. மேஸ்திரி அம்மா வந்தாள். வந்ததும் மகனிடம், "மழை பெஞ்சா மட்டும் காருல வாங்க. நனைஞ்சு வந்து நின்னா பாக்கிறவிய வாய மூட முடியாது" என்று நிபந்தனை போட்டாள். அவன் ஒத்துக்கொண்டான்.

ஆள் குறைந்ததால் அந்த வாரம் பாக்கெட் எண்ணிக் கட்ட ஆள் இல்லை. எண்ணுகிற வேலைதானே என்று நான் போய் மேஜையில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி அட்டைப் பெட்டியில் அடுக்க வேண்டும். கை வேலை செய்ய, வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் பாட்டரி எத்தனை வருடம் வரும் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

மேஸ்திரி அம்மா என் பெட்டியிலிருந்து கட்டு ஒன்றை எடுத்துக் கையிலேயே எடை பார்த்தாள்.

"அய்யா, செத்த நேரம் பேசாம எண்ணுங்க. இதுல ஒண்ணு கொறையுது."

பிரித்து எண்ணினேன். குறைந்துதான் இருந்தது.