விற்காதவனின் ஜீபிஎஸ்

கல்முனையில் படகுச் சாமான் விற்கும் என் கடைக்கு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்த கையோடு ஒருவர் வந்தார். வெயில் சுட்டுக் கறுத்த முகம், வெடித்த உதடு. பழைய ஜீபிஎஸ் இருந்தால் காட்டச் சொன்னார். சின்னப் படகென்றால் பற்றரியில் ஓடும் புதியதே நல்லது, தண்ணீர் பட்டாலும் தாங்கும் என்றேன்.

"பழசக் காட்டுங்க தம்பி."

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மீன் படும் இடங்களைக் குறித்து வைக்கும் பக்கத்தை மட்டும் திறந்தார். அது வெறுமையாக இருந்தால் மெல்ல "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அணைத்து வைத்தார்.

"விக்கிறவங்க தங்கட இடத்தையெல்லாம் அழிச்சிட்டுத்தானே தருவாங்க, காக்கா. இல்லாட்டி வாங்கிறவன் அங்க போய் வலை போட்டுருவான்" என்றேன்.

"ஓம். அழிக்காம வந்தா அது விக்காதவன்ட மெஷின்."

கடைசிக் கருவியைக் கையில் எடுத்தபடி சொன்னார்: "மகன் ஒலுவில்ல இருந்து கடலுக்குப் போனவன். படகும் வரல்ல, ஆளும் வரல்ல. கரைக்குத் திரும்புற இடத்துக்கு, என்னக் கூப்பிடுற மாதிரியே 'வாப்பா' எண்டு பேர் போட்டு வச்சிருந்தவன்."

கடைசிக் கருவியும் வெறுமையாக இருந்தது. அதற்கும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். பிறகு, அக்கரைப்பற்றில் பழைய சாமான் எந்தக் கடையில் விற்பார்கள் என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறப் போனார்.

அந்தப் பெயர் அகப்பட்டால், ஆளில்லாத படகிலிருந்து யாரோ கழற்றி விற்ற கருவி அது; மகன் இல்லையென்றாகிவிடும். அப்படியிருந்தும் ஏன் தேடுகிறார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் பழைய கருவி எது வந்தாலும் இப்போது நானும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறேன்.